காய்ச்சலில் எடுத்த ரத்தம்

எனக்கு ரோஷம் அதிகம். சமையலைக் குறை சொன்னால் இன்னும் அதிகம்.

என் வீட்டுக்காரர் துரைசாமிக்கு மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆயுள் முழுக்கக் கொழுப்பு மாத்திரை போட வேண்டும். அதனால் கால் வலிக்கிறது என்று தினமும் புலம்புவார். நான் எண்ணெயைச் சுருக்கி, கொள்ளும் பூண்டுமாகச் சமைத்துப் போட்டேன்.

போன செப்டம்பரில், புனேயில் நாங்கள் இருக்கும் வாகட் பகுதி முழுக்க டெங்கு. இவரும் படுத்தார். காய்ச்சல் விடாத ஆறாம் நாள், அவர் கம்பெனியின் இலவசப் பரிசோதனைக்குக் கடைசித் தேதி. சும்மா கிடைப்பதை விடுவேனா? லேப் ஆளை வீட்டுக்கே வரவழைத்துப் படுக்கையிலேயே ரத்தம் எடுக்க வைத்தேன்.

எழுபதுக்குக் கீழே இறங்காத கெட்ட கொழுப்பு முப்பத்தொன்று! ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் சந்திரிகா, "மாத்திரை நல்லா வேலை செய்யுது அண்ணி" என்று பதில் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, இனி அந்த மாத்திரை வேண்டாங்க. என்ற கொள்ளு ரசமா, மாத்திரையான்னு பாத்தர்லாம்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் ராஜி."

"அவரு நிறுத்துன்னா சொல்லுவாரு? பேசாம இருங்க."

மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். கால் வலி நின்றது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன், பாவி.

ஜனவரியில் லிஃப்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் கெட்ட கொழுப்பு நூற்றெழுபது என்றார்கள். இருக்கவே முடியாது என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போய், போனில் இருந்த பழைய ரிப்போர்ட்டை நீட்டினேன். தேதியைப் பார்த்தார். அன்று காய்ச்சல் இருந்ததா என்று இந்தியில் கேட்டார். இருந்தது என்றேன்.

"வைரஸ் காய்ச்சலில் ரத்தத்தில் கொழுப்பு தானாக இறங்கும். உடம்பு தேறியதும் ஏறிவிடும். அந்த அளவை நம்பலாமா? மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து இவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "நானேதான் நிறுத்தினேன் டாக்டர். இவளுக்குத் தெரியாது."

நான் மறுக்கவில்லை. சொல்லியிருக்கலாம், எவ்வளவோ நேரம் இருந்தது. மறுநாள் மதியம் போய்விட்டார்.

விமானத்தில் வந்து இறங்கிய சந்திரிகா என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். "உங்ககிட்டக்கூடச் சொல்லாம மாத்திரைய நிறுத்திப்போட்டாராமே அண்ணன்! ஏன் அண்ணி இப்படிப் பண்ணினாரு?"

"தெரியலையே கண்ணு" என்றேன்.