குமாரதாஸின் தட்டு

ஒரு எவர்சில்வர் தட்டுக்கா இத்தனை ரகளை என்று நீங்கள் கேட்பீர்கள். முத்துக்கனியிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும் சேதி.

கார்கில் சண்டைக்குப் போகுமுன் அவள் புருஷன் குமாரதாஸ் கடைசி லீவில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கடையில் வாங்கிய தட்டு அது. பட்டாளத்துப் பழக்கம் விடுமா? தன் பெயரைப் பெரிதாக வெட்டவைத்தான். "நம்ம வீட்டுல உங்க தட்ட எவன் களவாங்கப் போறான்?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன ஒரு மாசி மாசம் அது! லீவு முடியும்வரை அதில்தான் சாப்பிட்டான். அப்போது அஸ்வதி அவள் வயிற்றில் இருந்தாள். போனவன் பெட்டியில் வந்து சேர்ந்தான்.

அன்றிலிருந்து தட்டு அலமாரியில், அவள் கல்யாணப் பட்டுக்குள். ஏழு வயதில் அஸ்வதி அதை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள். விழுந்த அடியில் முதுகு தடித்துப்போனது. பிறகு அந்தப் பக்கமே அவள் போகவில்லை.

இப்போது தக்கலைப் பக்கம் ஒரு மைதானத்தில், போரில் செத்த நம் ஊர்க்காரர்களின் நினைவாக ஓவியம் படிக்கிற பிள்ளைகள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். செத்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாத்திரம் வாங்கி, மூங்கில் கட்டிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். முத்துக்கனி நெய்யூர் ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்குத் துணை இருந்தபோது, அஸ்வதி தட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்! விஷயம் தெரிந்ததும் முத்துக்கனி மகளையும் மருமகன் ரதீஷையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், தட்டை மீட்க.

மைதானத்தில் காற்றடித்ததும் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதி, பந்தி நடக்கும் வீடு போலச் சத்தம் கேட்டது. ஒரு தட்டில் புருஷன் பெயரைக் கண்டதும் முத்துக்கனி கம்பியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"மாமி, மெதுவா. கை கீறிரும்," என்றான் ரதீஷ்.

"எனக்க வீட்டுச் சாமானத்த எடுத்துக் குடுக்க உனக்கு என்னட்டி அதிகாரம்?"

அஸ்வதி மூங்கிலில் கட்டியிருந்த பலகையைக் காட்டினாள். 'தொட்டுப் பார்க்கலாம்' என்றிருந்தது.

"இங்க யாரு வேணும்னாலும் தொடலாம்மா. வீட்டுல எனக்கு அதுக்கும் வழியில்ல. நீ அப்பாகூட இருந்திருக்க. நான் அவரத் தொட்டதே இல்லியே."

முத்துக்கனியின் கை அப்படியே நின்றது. இருபத்தைந்து வருஷமாகத் தன் துக்கம் மட்டும்தான் துக்கம் என்று இருந்துவிட்டோமே என்று அழுகை பொங்கியது. ஆனால் அழவில்லை. தட்டை அவிழ்த்து முந்தானையால் துடைத்துக்கொண்டு, மைதானத்து ஓரத்துச் சாயாக் கடைக்குப் போனாள். அவித்து மசித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வாங்கி அதில் போட்டு மகளிடம் நீட்டினாள்.

"தின்னு மக்கா. தின்ன பிறகு கழுவி, இருந்த எடத்துலயே தொங்கவிடலாம்."

அஸ்வதி ஓரத்திலிருந்து கிள்ளினாள்.

"அப்பிடியில்ல. நடுவுல குழி பண்ணி, கறிய அதுக்குள்ள ஊத்தணும். உனக்க அப்பா அப்பிடித்தான் தின்னுவாரு. முள்ளக்கூட விடமாட்டாரு, கொதியன்!"

முத்துக்கனி சிரித்துவிட்டாள்.

"மிச்சத்தையும் சொல்லும்மா," என்றாள் அஸ்வதி, வாயில் கிழங்கோடு.