வெளியாள் சொன்ன நாலு வரி

மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. விடியலிலிருந்து தூறல்; பிற்பகலில் வானம் வெளுத்தும் வெயில் வரவில்லை.

கெட்டில் நிறுவனமொன்றின் சோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரியும் தம்பி அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே மாமாவுக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. மாமாவின் வலது பாதத்தில் கட்டு. முந்தைய நாள் வெந்நீர் கொட்டியிருந்தது.

"வாடா! உங்க மாமாவுக்கு ஒரு கெட்டிலைப் பிடிக்கத் துப்பில்லை."

"கைப்பிடி தானாக் கழண்டுச்சுன்னு எத்தனை தடவைடி சொல்றது?"

"தினம் பத்து தடவை தூக்குறேன், அசையவே இல்லைன்னு ஆன்லைன் விமர்சனத்துல ஒருத்தர் எழுதியிருக்காரே, அவருக்கென்ன பொய் சொல்லணும்னு வேண்டுதலா?"

தம்பி மேசைமேல் கிடந்த கெட்டிலைத் திருப்பிப் பார்த்தான். அவனுடைய நிறுவனத்தின் புது ரகம் அது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா?"

"உன்னையா? நீ உன் கம்பெனியை விட்டுக்குடுப்பியா? அதான் சம்பந்தமில்லாத ஆளா பார்த்து நம்பினேன். மழைக்காகம்னு பேர். எவ்வளவு நயமா எழுதியிருக்கார், பாரு!"

மழைக்காகம் அவனேதான். இருநூறாம் முறை தூக்கும்போது கைப்பிடியின் திருகு தளர்வதைச் சோதனைக் குறிப்பேட்டில் பதிந்தவனும் அவனே. "சரிபண்ணிடலாம்ப்பா, அதுவரைக்கும் வெளியாள் மாதிரி நாலு வரி போட்டு வை" என்றார் மேலாளர். நிறுவனத்தின் பொருளைப் பற்றி எழுதும் ஊழியர் தம் பணியைக் குறிப்பிட வேண்டும் என்ற சுவரறிவிப்பின் கீழ் அவன் கையெழுத்தும் இருந்தது. நாலு வரிதானே என்று எழுதிவிட்டான்.

மாமா காலை மெல்ல நகர்த்தினார். "விடுடா. நேத்திலேருந்து யோசிக்கிறேன், நான்தான் சரியாப் பிடிக்கலை போல."

அந்தச் சொல்லைத் தம்பியால் தாங்க இயலவில்லை. நாளை வேலை இருக்குமா என்று எண்ணியபடியே கைப்பேசியை எடுத்து, பழைய வரிகளின் கீழ் எழுதினான். பிறகு, "மறுபடி படி, அக்கா" என்றான்.

அக்கா உரக்கப் படித்தாள்: "நான் இந்தக் கெட்டிலைச் செய்யும் நிறுவனத்தின் ஊழியன். இதை நான் வாங்கவில்லை. கைப்பிடி தளரும் என்று தெரிந்தே..." குரல் நின்றது. கீழே தம்பியின் பெயர் இருந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கென ஊற்றிய தேநீரை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தாள்.

"உங்க மேல தப்பில்லைங்க" என்றாள்.

தம்பி செருப்பை மாட்டியபோது மணி சரியாக ஐந்து நாற்பத்திரண்டு.