மூன்றாவது விலாச்சட்டம்

‘22 ஆகஸ்ட் 1967. ஆத்தாவிடம் பொய் சொன்னேன். மூன்றாவது விலாச்சட்டத்தைத் தொடவே இல்லை, நிமிர்த்திவிட்டதாகச் சொன்னேன். தவறு.’

நேற்றிரவு நோட்டில் எழுதிய வரிகள் ஏகப்பன் மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மான் வீரப்பன் அதட்டினார்.

“தோளைப் பிடிடா. சாயுது பாரு.”

விடியும் முன் இறந்துபோன ஆத்தா ராமுத்தாயை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆசாரிமார் வீடுகளில் இறந்தவரைப் படுக்கவைத்து எடுப்பதில்லை. உட்கார்ந்த கோலத்திலேயே குழிக்குள் இறக்குவார்கள். முதுகுக்குப் பலகை கொடுத்துத் துணியால் கட்டியும் தலை இடப்பக்கம் சரிந்தது.

“நேரா வைங்கப்பா. கோணலப் பாத்தா எங்கக்கா எந்திரிச்சு வந்து வையும்” என்றார் வீரப்பன்.

அழுதுகொண்டிருந்த அக்கா புஷ்பவள்ளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏகப்பனுக்கு வரவில்லை.

மழைக்காலத்தில் கண்மாய்க்கு அக்கரையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவர ஊர் கேட்டிருந்த படகு பாதி வேலையில் பட்டறையில் நின்றது. மானகிரியில் கதவும் நிலையும் செய்து பழகிய குடும்பத்துக்கு அதுதான் முதல் படகு. காரைக்குடி மாலை வகுப்பில் வரைபடம் படிக்கிறவன் என்று ஏகப்பனை நம்பி விட்டிருந்தார்கள். முனைக்கு முனை நூல் கட்டி, விலா எலும்புபோல் வரும் ஒன்பது சட்டங்களையும் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து நிறுத்தியிருந்தான். ஒன்று சாய்ந்தாலும் பலகை படியாது. தண்ணீரில் படகு ஒருபக்கமாகவே சாயும்.

பக்கவாதத்தில் எட்டு மாதம் கிடந்த ஆத்தாவுக்குச் சன்னல் வழியே தெரிந்தது மூன்றாவது சட்டம் மட்டுந்தான்.

“ஏண்டா, அது சாஞ்சு நிக்கிது. கண்ணு அவிஞ்சு போச்சா?”

“குண்டு விட்டுப் பாத்துட்டேன் ஆத்தா.”

“உன் குண்டு என்னத்தக் கண்டுச்சு? ஆசாரி பொண்டாட்டிடா நான்.”

பத்து நாளாக இதே பேச்சு. ஒவ்வொரு முறையும் போய்க் குண்டு விட்டான், நேராகத்தான் நின்றது. திரும்பி வரும்போது மறுபடி சந்தேகம் வந்தது. நேற்று வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில், “நிமித்திட்டேன்” என்றான். அவள் சன்னலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “சரி, நேரமாகுது. போ” என்றாள். அதுதான் அவனிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. படுக்கையைச் சுருட்டச் சொன்னாள் அக்கா. சுருட்டாமல், ஆத்தா தலைவைத்த இடத்தில் தலைவைத்துப் படுத்துப் பார்த்தான்.

சட்டம் சாய்ந்துதான் இருந்தது.

பிள்ளைகள் நிறைந்த படகு கண்மாய் நடுவில் சரிவது கண்ணுக்குள் வந்தது. பட்டறைக்கு ஓடிக் குண்டு விட்டான். நேர். குண்டோடு திரும்பி வந்து படுத்தான். சாய்வு. அப்போதுதான், எதை வைத்துச் சாய்வு என்கிறோம் என்று யோசித்தான். சட்டத்தை ஒட்டித் தெரிந்தது சன்னல் நிலையின் மரம்.

சன்னல் நிலையின் மேல்மூலையில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டான். கீழே வரும்போது நூலுக்கும் மரத்துக்கும் இடையில் முக்கால் அங்குலம் விலகியிருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. புஷ்பவள்ளி வாசற்படிக்கு வந்தாள்.

“என்னடா, அழுவுறியா?”

“இல்லக்கா. சன்னலு கோணல். சட்டம் நேராத்தான் இருக்கு.”

அவள் ஆடிக்கொண்டிருந்த குண்டைப் பார்த்தாள். “இந்தச் சன்னலு அப்பா வச்சதுல்ல? ஆத்தா கல்யாணமாகி வந்த வருசம்.”

“ஆமா.”

“ஆத்தாகிட்டச் சொல்லிறாத” என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

குண்டு ஆடி நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்திருந்தார்கள். பிறகு அவன் நூலைச் சுற்றி வைத்துவிட்டு நோட்டை எடுத்தான்.

‘23 ஆகஸ்ட். ஆத்தா காலமானாள். மூன்றாவது சட்டம் நேர். நாளை: காலையில் குழிக்குப் பால் ஊற்ற வேண்டும். பிறகு பலகைக்கு மரம் அளக்க வேண்டும். சன்னலைத் தொட வேண்டாம்.’