சாக்குக் கழிவு

இசக்கிராஜா என்று கேட்டால் துறைமுகச் சாலையில் யாருக்கும் தெரியாது. எடைமேடை மக்ரூன் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். அவன் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் உப்பு லாரி ஏற்றுகிற ஜெர்சனிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவன் மக்ரூன்தான். அவன் மனைவி பேச்சி, ரேஷன் கடை வரிசையில் மக்ரூன் வீட்டுக்காரி. மகள் இந்துமதி பள்ளிக்கூடத்தில் மக்ரூன் மவ.

அவன் ஒன்றும் மக்ரூன் வியாபாரம் செய்தவன் இல்லை. வாழ்க்கையில் மொத்தமாக எண்ணினால் இருபது மக்ரூன் தின்றிருப்பான். அதில் கடைசியாகத் தின்ற ஒன்றுதான் அவன் தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், பதினோராம் வகுப்பு. மாவட்டப் பள்ளிகள் மல்யுத்தப் போட்டியில் ஐம்பது கிலோப் பிரிவில் முதலிடம். இறுதிச் சுற்றில் எதிராளியை ஒன்றரை நிமிடத்தில் மல்லாத்தினான். மாநிலப் போட்டிக்குச் சென்னை ரயில் ஏறும்போது, தூத்துக்குடிக்காரன் வெளியூர் போனால் செய்வதை அவனும் செய்தான். அங்குள்ளவர்களுக்குக் கொடுக்க இரண்டு பெட்டி மக்ரூன் வாங்கினான். மணியாச்சி தாண்டியதும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் எடை பார்த்தபோது ஐம்பது கிலோ எழுநூறு. போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"வழியில என்னத்தல தின்ன?" என்று கேட்டார் உடற்கல்வி ஆசிரியர் தேவபிரசாதம்.

"ஒரே ஒரு மக்ரூன் சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மக்ரூன் என்பது என்ன, முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் அடித்து வைத்த காற்று. பத்து வைத்தாலும் ஒரு எலுமிச்சம்பழக் கனம் வராது. அது எப்படி எழுநூறு கிராம் ஏறும் என்று அவர்களும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. சார் சொன்னால் சரி என்று வளர்ந்த பிள்ளை. தின்றதும் உண்மை. அதனால் இருபது வருடமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டே இருந்தான். அவன் வீட்டுக்குள் மக்ரூன் வந்ததில்லை.

இப்போது போட்டிக்கு இருபத்தைந்தாவது ஆண்டு. தொண்ணூற்றொன்பதில் தொடங்கியது, கொரோனா இரண்டு வருடத்தை விழுங்கியது போக இந்த வருடம் வெள்ளி விழா. மலர் ஒன்று போட்டார்கள். ஓய்வுபெற்ற தேவபிரசாதம் சார் அதில் போட்டியின் வரலாற்றைப் பதினெட்டுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். முதல் வருடம் கடற்கரை மணலில் சாக்கை விரித்துப் பிள்ளைகளைப் பொருதவிட்டது, மெத்தை வந்தது, பெண்பிள்ளைகள் பிரிவு வந்தது, எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார். இடையில் ஒரு பத்தி இருந்தது. மாவட்டத்தில் முதலிடம் பெற்று மாநிலத்தில் எடை மீறி நீக்கப்பட்டவர்கள் என்று ஐந்து ஆண்டுகளைக் குறித்து, 'பயண வழியில் நாவடக்கம் இல்லாமை நமது மாவட்டத்தின் தீராத குறை' என்று முடித்திருந்தார். 2005க்கு நேரே, 'இனிப்பு உண்டதால்' என்று இருந்தது. பெயர் போடவில்லை. போட்டிருந்தால்கூட இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது.

போட்டி திருச்செந்தூரில் நடந்த இரண்டு வருடங்களிலும் அங்கிருந்து போன யாரும் நீக்கப்படவில்லை என்பதையும் சார் கவனித்திருந்தார். செந்தூரான் அருள் என்று எழுதியிருந்தார்.

இந்துமதி அந்தப் பத்தியைப் படித்துவிட்டு மலரை மூடி வைத்தாள். அவள் இந்த வருடம் நாற்பத்தாறு கிலோப் பிரிவில் மாவட்ட முதலிடம். மாநிலத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். ஆனால் அவள் விடுதியைப் பற்றிப் பேசவில்லை.

"நான் போய் அந்தப் பேர அழிச்சிட்டு வாரேன்பா," என்றாள்.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் காவல்காரன் வேலைதான். சோற்றைக் குறைத்தான். ஓடவிட்டான். வாரம் ஒரு நாள் தங்கதுரை அண்ணாச்சியின் வத்தல் மண்டிக்குக் கூட்டிப்போய் எடை பார்த்தான். அங்கே இருந்தது சாதாரணத் தராசு இல்லை. முதல் வருடத்திலிருந்து போட்டிக்குப் போய்வரும் இரும்பு மேடைத் தராசு. ஒவ்வொரு வருடமும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுத்தான் பிள்ளைகளை ஏற்றுவார்கள். சரியாக நாற்பத்தாறில் தண்டு நின்றது. ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடை மெஷினில் ஏறி இந்துமதி நாற்பத்தேழு என்று சொல்லி அழுதபோது, "அது காசு போட்டா வாயில வந்ததச் சொல்லும். போட்டித் தராசு பொய் சொல்லுமாளா?" என்று அதட்டினான். பத்து வருடமாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறவன் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்துமதி விளையாட்டு டீச்சர் சண்முகப்ரியாவுடன், மாநிலப் போட்டி நடக்கும் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் எடை.

சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு எடைமேடையில் ஒரு லோடு ஆட்டோ ஏறியது. ஓட்டி வந்தவன் தங்கதுரை அண்ணாச்சியின் மகன் விஜயராஜ். பின்னால் பழைய இரும்பு குவிந்து கிடந்தது. குவியலின் மேல் சந்தனப் பொட்டோடு அந்தத் தராசு.

"என்ன தம்பி, இதையுமா போடுதிய?"

"விழாவுல பள்ளிக்கூடத்துக்கு எலக்ட்ரானிக் தராசு வாங்கிக் குடுத்தாச்சுல்லா அண்ணே. மண்டியிலயும் புதுசு வந்துட்டு. இதுக்கு இனி என்ன வேல?"

இசக்கிராஜா அறையிலிருந்து இறங்கி வந்தான். சாமி சிலையைக் கடலில் கரைக்கக் கொண்டுபோவதைப் பார்ப்பது போல இருந்தது. கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்ப்போம் என்று தண்டைத் தடவினான். தண்டின் நுனியில், எடைக்கல் மாட்டுகிற கொக்கிக்கு மேலே, விரலில் ஏதோ இடறியது. புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு. தண்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்டையே அதற்கும் சேர்த்து அடித்திருந்ததால் பார்வைக்குத் தெரியாது.

"இது என்னது?"

"ஈயம். அப்பா கட்டுனது. சாக்குக் கழிவுக்கு."

விஜயராஜ் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அது சாதாரணமான விஷயம்தான். வத்தல் மூட்டையைச் சாக்கோடு ஏற்றுவார்கள், சாக்குக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் வாயால் கழித்தால் சண்டை வருகிறது என்று தராசே கழித்துக்கொள்ளும்படி பெரியவர் ஈயத்தைக் கட்டிவிட்டார். வத்தல் விளைவித்துக் கொண்டுவரும் சம்சாரிகள் எல்லாருக்கும் அது தெரியும். அதில் ஒளிவுமறைவு இல்லை, களவும் இல்லை. வத்தல் விற்காத வாத்தியார்களுக்குத்தான் தெரியாது.

"போட்டிக்குக் கொண்டுபோவும்போது அவுத்துருவியளா?" என்று கேட்டான்.

"அத யாரு அவுக்கா? வாத்தியார்மாரு சரி பண்ணிக்கிடுவாங்கன்னு அப்பா நெனச்சிருப்பாக."

எடைமேடையைச் சோதிக்க முத்திரை குத்திய இருபது கிலோப் படிக்கல் அறையில் இருந்தது. இசக்கிராஜா அதைத் தூக்கிவந்தான். தராசைத் தரையில் இறக்கி, ஆடாமல் வைத்து, கல்லை மேடையில் வைத்தான். தண்டு பத்தொன்பதில் நின்றது. கல்லை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். பத்தொன்பது. ஈயத்தை நகத்தால் பெயர்த்துவிட்டு வைத்தான். இருபது.

பாரத்தோடு எடை, காலி வண்டி எடை, கழித்தால் சரக்கு. பத்து வருடமாக அவன் பிழைப்பே கழிப்பதுதான். இந்த ஒரு கழித்தல் அவனுக்குப் புத்தியில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஐம்பது என்று அவனை நிறுத்த அன்றைக்கு அவன் ஐம்பத்தொன்று. ரயிலில் பட்டினி கிடந்து முந்நூறு கிராம் இறங்கித்தான் சென்னைக்குப் போயிருக்கிறான். எடைக்கு நல்ல இறக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லையை ஒட்டி நின்றவர்கள்தான் மாட்டினார்கள். திருச்செந்தூரில் நடந்த இரண்டு வருடமும் இந்தத் தராசு போகவில்லை, ஆஸ்பத்திரித் தராசைக் கொண்டுவந்து நிறுத்தார்கள். முருகனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறகுதான் இந்துமதி ஞாபகம் வந்தது. நாற்பத்தாறு என்று நிறுத்த பிள்ளை நாற்பத்தேழு. மருந்துக்கடை மெஷின் சொன்னது சத்தியம். மணி எட்டு ஐம்பத்தெட்டு.

டீச்சருக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது தடவை அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. எடை அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது அவனுக்கே தெரியும், அவன்தான் அதை மகளுக்குப் படித்துக் காட்டினான். சுற்றறிக்கையின் அடியில் இருந்த எண்ணுக்கு அடித்தான். அது யாரோ ஒருவர் வீட்டில் ஒலித்தது. ஒரு அம்மா எடுத்து, அவர் காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டார், போனை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றார்.

தேவபிரசாதம் சாருக்கு அடித்தான். அவரிடம் நடந்ததைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆனது.

"சாக்குக் கழிவா? இருவத்தஞ்சு வருசமாவா?" என்றார்.

"சார், சேலத்துல யாரயாவது தெரியுமா உங்களுக்கு? பிள்ளய ஒரு மணி நேரம் ஓடவிட்டா, வேர்க்கவிட்டா, எறங்குனாலும் எறங்கும்."

"எனக்கு அங்கன யாரையும் தெரியாதே, இசக்கி." பிறகு, "மலரு வேற அச்சடிச்சு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியாச்சே," என்றார்.

அந்த நேரத்தில் அவருக்கு மலர் ஞாபகம் வந்தது. இசக்கிராஜாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டிய ஆளைத் தேடிப் பார்த்தான். அண்ணாச்சி படுக்கையில் கிடக்கிறார், நல்ல மனுசன், முதல் கோப்பையே அவர் வாங்கிக் கொடுத்ததுதான். விஜயராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஈயம் தரையில் கிடந்தது.

பின்னால் ஆறு லாரிகள் சேர்ந்துவிட்டன. "ஏலே மக்ரூன், வண்டிய எறக்கச் சொல்லு, கப்பலு எனக்காவக் காத்துக்கிட்டா கெடக்கும்?" என்று ஜெர்சன் ஜன்னலிலிருந்து கத்தினான். இசக்கிராஜா உள்ளே போய் உட்கார்ந்தான். வேறு என்ன செய்வது. ஆட்டோ இறங்கியது, லாரி ஏறியது, எடை போட்டான், சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் இடையில் டீச்சருக்கு அடித்தான். ஒன்பது இருபது, ஒன்பது முப்பத்தைந்து, ஒன்பது ஐம்பது. சேலம் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பத்து மணிக்கு அடிப்பதை நிறுத்திவிட்டான்.

பத்தே காலுக்கு டீச்சர் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் முதலில் அழுகைச் சத்தம்தான்.

"அப்பா."

"சொல்லு மக்கா."

"நாப்பத்தாறு முந்நூறுப்பா. எறங்கச் சொல்லிட்டாங்க."

ராத்திரி முழுக்கப் பட்டினியில் எழுநூறு கிராம் இறங்கியிருக்கிறாள். முந்நூறுதான் பாக்கி. அவனுக்குத் தெரிந்திருந்தால், ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால், ஒரு வேளைச் சோறு. அவ்வளவுதான் விஷயம்.

"அழாத. உன் தப்பு இல்ல. தராசுல..."

"எந்தப்புதாம்பா." அவள் பேச விடவில்லை. "காலைல பல்லு வெளக்கும்போது ஒரு வாய் தண்ணிய முழுங்கிட்டேன். நாக்கு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, தாங்க முடியல. துப்பணும்னு நெனச்சேன், துப்பல. டீச்சர் கேட்டாங்க, சொல்லிட்டேன்."

அவள் பக்கத்தில் யாரோ பேசுவது கேட்டது. இவ்வளவு சொல்லியும் கேட்காமல் வழியில் வாயை வைத்துவிட்டாள் என்று டீச்சர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இசக்கிராஜா எழுந்து நின்றுகொண்டான். நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னான். வத்தல் மூட்டையைச் சொன்னான், சாக்கைச் சொன்னான், புளியங்கொட்டை அளவு ஈயத்தைச் சொன்னான், இருபது கிலோக் கல் பத்தொன்பது காட்டியதைச் சொன்னான். மருந்துக்கடை மெஷின் சொன்னது சரி, அப்பாதான் முட்டாள் என்று சொன்னான். ஒரு வாய் தண்ணீர் முந்நூறு கிராம் இருக்காது, மக்ரூன் எழுநூறு கிராம் இருக்காது, அது அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய் என்று சொன்னான். சொல்லும்போதே அவன் காதுக்கே அது பிள்ளையைத் தேற்றக் கட்டிய கதை மாதிரித்தான் கேட்டது.

இந்துமதி மூக்கை உறிஞ்சினாள். அழுகை நின்றிருந்தது. அவனைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினாள்.

"நீங்க எனக்காவச் சொல்லுதியப்பா. முழுங்குனது நான்தான, எனக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டாள். வெளியே ஜெர்சனின் காலி லாரி திரும்பி வந்து மேடையில் நின்றது. எடை பார்க்கச் சொல்லி, அவன் மக்ரூன் மக்ரூன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.