மயக்கவியல் துறை வரலாறு, நான்காம் பக்கம்

வந்திருந்தவர்கள்: துறைத் தலைவர் டாக்டர் விஜயகுமாரி. டாக்டர் தரணீதரன். ஓய்வு பெற்ற டெக்னீஷியன் நஸ்ருதீன். நான். மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, அதே துறையில் நைட் ஷிப்ட் அட்டெண்டராக இருப்பவன். டைப்பிங் தெரியும் என்பதால் காலையில் வீட்டுக்கு விடாமல் உட்கார வைத்துவிட்டார்கள்.

கல்லூரியில் எங்கள் துறைக்கு முப்பது வயது. வரலாற்று மலர் போடுகிறார்கள். நான்காம் பக்கத்தை வாசித்தேன். ஆபரேஷனுக்கு முன் எல்லா இடத்திலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். நாங்கள் "டீ, பன் ஏதாவது?" என்று தனியாகவும் கேட்கிறோம். அது முதல் துறைத் தலைவரின் யோசனை என்று எழுதியிருந்தது.

"அவருங்களா?" என்றார் நஸ்ருதீன். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் கோட்டுப் போட்டுட்டு வருவாருங்க. மொத எட்டு மாசம் மயக்கம் குடுத்தது நானுங்க."

"மெதுவா, பாய். டாக்டரில்லாம டெக்னீஷியன் மயக்கம் குடுத்தாருன்னு போட்டா, மலர வுட்டுப்போட்டு எஃப்ஐஆர் அச்சடிக்க வேண்டியதாயிரும்," என்றார் தரணீதரன்.

நஸ்ருதீன் சிரிக்கவில்லை. கொண்டுவந்திருந்த பழைய ஆபரேஷன் ரிஜிஸ்டரைத் திறந்து ஒரு பெயரில் விரலை வைத்துச் சொன்னார். ரங்காத்தாள், சாமளாபுரம். தறியில் கை மாட்டி வந்தவள். சாப்பிட்டீங்களா என்று இவர் கேட்டிருக்கிறார். இல்லீங்க என்றிருக்கிறாள். வரும் முன் டீயும் பன்னும் தின்றிருந்தாள். தறி ஓட்டுகிறவர்களுக்கு அது சாப்பாட்டில் சேராது. மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போய், மேஜையிலேயே செத்தாள். வீட்டாரிடம் இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இவர் டீ, பன் என்று தனியாகக் கேட்க ஆரம்பித்தார்.

"அவிங்க பேரும் எம்பேரும் ஒரே வரியில வரோணுங்க. மகன் இன்னும் சாமளாபுரத்துலதான் இருக்கான்."

"அந்தக் கேள்வி உங்களுதுன்னு போட்டர்றேங்க," என்றார் விஜயகுமாரி. "அந்தம்மா வேண்டாம்."

"அந்தம்மா இல்லீன்னா கேள்வியே இல்லீங்க, மேடம்."

"அப்ப ரெண்டும் வேண்டாம். ரிஜிஸ்டர் துறையோட சொத்து. இங்கயே இருக்கட்டும்."

நஸ்ருதீன் என்னைப் பார்த்தார். பக்கத்தை அப்படியே சேவ் செய்தேன்.

"சரிங்க. அந்தம்மா மகங்கிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேனுங்க."

"ரிஜிஸ்டர் இல்லாம எவன் நம்புவான், பாய்?" என்றார் தரணீதரன்.

"நம்பாட்டிப் போறானுங்க," என்று எழுந்தார் நஸ்ருதீன். "செருப்பக் கழட்டுனா வாங்கிக்கறேன்."

விஜயகுமாரி என்னிடம் அலமாரிச் சாவியை நீட்டினார். நஸ்ருதீன் வராந்தாவில் இறங்கியதும் ரிஜிஸ்டரை உள்ளே வைத்து அதன் கதவைச் சாத்திப் பூட்டினேன்.