சலுகைக்கு உரிய எரிபொருள்

நீட்டிப்புக் கேட்டு மனுக் கொடுத்திருந்தோம். ஏழாவது வாரம் அரசு, தன் அலுவலகத்தின் தாழ்வாரத்தை நீட்டித்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது என்று கடிதமும் வந்தது. பிழை எங்களுடையதுதான். மனுவில் ‘நீட்டித்துத் தருமாறு வேண்டுகிறோம்’ என்று மட்டும் எழுதியிருந்தோம். எதை என்று எழுதவில்லை.

எங்களுடையது முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு சிறிய மின் நிலையம். சீமைக்கருவேல விறகு, பருத்திமார், மிளகாய்ச் செடி இவற்றை எரித்து மின்சாரம் எடுப்போம். நானும் சேதுராசுவும் சேர்ந்து கட்டியது. இருவரும் பரமக்குடி ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. எனக்குக் கொதிகலன் தெரியும். அவனுக்கு ஆட்களைத் தெரியும். உயிரிக்கழிவு மின்சாரத்துக்கு அரசு பத்து ஆண்டு வரிவிலக்குக் கொடுத்திருந்தது. அது இந்தப் பங்குனியோடு முடிகிறது. முடிந்தால் கொதிகலனை அணைக்க வேண்டியதுதான். நாற்பத்திரண்டு பேர் அதை நம்பி இருந்தார்கள்.

நேரில் கேட்டுவிடலாம் என்று இருவரும் கிளம்பினோம். தாழ்வாரத்தைக் கடக்க மூன்று நாள் ஆனது. நடுவில் இரண்டு டீக்கடைகள் இருந்தன. ஓரிடத்தில் பஸ் நின்றது. அது எதிர்த்திசையில் மட்டும் போகும் என்றார் கண்டக்டர். என் செருப்பு அறுந்தபோது சேதுராசு தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். மீதி வழியை அவன் வெறுங்காலோடு நடந்தான்.

பிரிவு அதிகாரியின் பெயர் கோமளவல்லி. பணிவாகப் பேசினார். முதலில் எங்கள் நிலையம் இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்டார். சேதுராசு ஜன்னலைத் திறந்து தூரத்தில் தெரிந்த புகையைக் காட்டினான். அவர் அதில் முத்திரை குத்தினார். புகை சிறிது நேரம் அசையாமல் நின்றது.

பிறகு புதிய கொள்கையை வாசித்துக் காட்டினார். இனி வெட்டிய விறகுக்குச் சலுகை கிடையாது. கழிவுக்கு மட்டும்தான். கழிவு என்றால் உயிருள்ளதிலிருந்து வந்திருக்க வேண்டும், வேறு எதற்கும் பயன்படக் கூடாது, ஐம்பது கிலோமீட்டருக்குள் கிடைக்க வேண்டும். பருத்திமாரும் மிளகாய்ச் செடியும் வீட்டு அடுப்புக்குப் பயன்படும் என்பதால் சேராது. குறைந்தது ஓர் இனத்தையாவது காட்டினால் மொத்த நிலையத்துக்கும் பத்து ஆண்டு விலக்கு உண்டு.

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க அங்க என்ன பண்றீங்க?”

“கொதிகலனப் பாத்துக்கிறேம்மா.”

“நீங்க பாக்கலேன்னா?”

யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. “எரியும்மா,” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். ஊர் கேட்டார். நிலையத்திலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர். அதையும் எழுதிக்கொண்டார். என்னைக் காட்டி, இவரை நன்கு அறிந்த ஒருவர், இவர் பயன்பாட்டில் இல்லை என்று சான்று தந்தால் போதும் என்றார்.

சேதுராசு மறுப்பான் என்று நினைத்தேன். மேசையைத் தட்டுவான், என்னை இழுத்துக்கொண்டு வெளியேறுவான் என்று காலை நகர்த்திக்கூட வைத்துக்கொண்டேன். அவன் கறுப்பு மையா நீல மையா என்று அதிகாரியிடம் கேட்டான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். தட்டச்சு செய்த தாள். சான்றிதழ் முழுதாக இருந்தது. என் பெயர் சந்தியாகு என்று ‘கு’வரை சரியாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முந்தியது. அந்த வாரம் அவன் பெண்ணின் பூப்புனித நீராட்டு விழா. நான் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

“தப்பா நெனைக்காத மாப்ள,” என்றான். “நாப்பத்திரெண்டு குடும்பம்.”

நாற்பத்து மூன்று, என்னுடையதையும் சேர்த்தால். அவன் கையெழுத்துப் போடுகிற வரை அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்புளம் போட்டிருந்தது.

திரும்பும்போது தாழ்வாரம் பதினோரு எட்டுதான் இருந்தது.

நிலையத்தில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பிறகு எடைமேடையில் நிறுத்தினார்கள். விறகுக்குப் போடுவதுபோல ஈரப்பதமானியின் இரண்டு ஊசிகளையும் என் புஜத்தில் வைத்தான் சேதுராசு. அறுபத்தொன்று காட்டியது. இருபதுக்கு மேல் இருந்தால் கொதிகலனில் போடக் கூடாது. அந்த விதியை எழுதியவன் நான்தான்.

என்னை உலர்களத்தில் போட்டார்கள். ஒரு பக்கம் பருத்திமார், மறுபக்கம் மிளகாய்ச் செடி.

எழுந்து போயிருக்கலாம். இரண்டாம் நாள் போகவும் செய்தேன். கேட்டில் காவலர் வருத்தத்தோடு நிறுத்தினார். என்னை எரிபொருள் உள்வரவில் எழுதிவிட்டார்களாம். வெளியே அனுப்ப அவரிடம் சாம்பலுக்கான சீட்டு மட்டும்தான் இருந்தது. நான் திரும்பி வந்து என் இடத்தில் படுத்துக்கொண்டேன்.

என் மனைவி ஜெசிந்தா வந்தாள். சலுகை ஆணையை முழுக்க வாசித்தாள். இரண்டாம் பக்கத்தை மறுபடி வாசித்தாள். மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தாழ்வாரத்தின் முதல் டீக்கடையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது கடையிலிருந்து ஒன்று வந்தது. இப்போது அங்கே ஏழாவது கடை வந்திருக்கிறது என்றும், தான் நடந்துகொண்டே இருப்பதாகவும், நிறையத் தண்ணீர் குடிக்கும்படியும் மூன்றாவதில் எழுதியிருந்தாள்.

தண்ணீர் குடிக்க எனக்குத் தடை இல்லை. தருவதற்குத்தான் ஆள் இல்லை. தொழிலாளர்கள் என்னைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரை வேலைக்கு எடுத்தது நான். எனக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை. வெயிலில் கிடக்கும்போது அந்தத் தேதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் தினம் மதியம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவன் தன் மீன் துண்டை என் தட்டில் வைப்பான்.

சேதுராசு காலைதோறும் ஈரப்பதமானியோடு வருகிறான். நேற்று முப்பத்தெட்டு. இன்று முப்பத்துநான்கு. எண்ணைக் குறித்துக்கொண்டு அவன் போகவில்லை. பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். கொதிகலன் சரியில்லை என்றான். நீராவி அழுத்தம் ஏறுகிறதாம், இறங்குகிறதாம், உள்ளே ஏதோ சீறுகிறதாம். சென்னையிலிருந்து வந்த ஆளுக்கும் பிடிபடவில்லையாம்.

“ஒனக்குத் தெரியுமா மாப்ள?”

தெரியும். மேல்வரிசையில் இடது ஓரக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கும். எப்படி அணைக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும், எந்தக் குழாயை அடைத்துவிட்டு ஓட்டலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டதால் நேரம் ஆனது. அவன் பொறுமையாக எழுதிக்கொண்டான். ஓர் இடத்தில் படமும் போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன்.

“அப்ப நான் பயன்படுறேன்ல,” என்றேன். “அத எழுது.”

அவன் நோட்டை மூடினான்.

“எழுதினா சலுகை போயிரும் மாப்ள.”

சிறிது நேரம் இருவரும் புகையைப் பார்த்தோம். பிறகு அவன் எழுந்தான். எனக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த கல்லை உருவி எறிந்தான். ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, வலிக்காமல், மறுபக்கம் காய்வதற்காக என்னைப் புரட்டிப் போட்டான்.