கொம்புமுறிக்கு ஓர் ஆங்கிலச் சொல்

என் இங்கிலிசைப் பற்றி எனக்கிருந்த கர்வத்துக்கு அளவில்லை. 1959இல் நான் மட்டக்களப்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். "நோபேட் எழுதினால் திருத்த வேண்டியதில்லை" என்று துரையே ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த ஒரு பேச்சு என்னைக் கெடுத்தது.

வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து தோணியேறி வந்தார் வயற்சொந்தக்காரர் கந்தப்போடியார். அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோயில் கிடந்த மகள் அன்னப்பூரணி எழும்பினால் கண்ணகையம்மனுக்குக் கொம்புமுறி நடத்துவதாக நேர்ந்திருந்தார். மகள் எழும்பிவிட்டாள். ஆனால் அது ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம்; ஆட்கள் ஒன்றுசேரத் துரையின் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை இங்கிலிசில் எழுதுவது என் வேலை.

"எப்பிடி நடக்கும் போடியார்?"

"ரெண்டு மரக்கொம்பையும் ஒண்டோடொண்டு கொளுவி, வடசேரி ஒரு பக்கம் தென்சேரி ஒரு பக்கம் நிண்டு இழுக்கிற தம்பி. ஒண்டு முறியுமட்டும்."

நமக்கு எல்லாம் இழுப்புத்தான். இங்கிலிசில் அப்படியில்லை. சும்மா இழுத்தால் 'புல்'. பாரத்தைப் பலர் கூடி இழுத்தால் 'ஹோல்'. வரமாட்டேன் என்பதைத் தரையோடு இழுத்தால் 'ட்றாக்'. இரு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் வெட்டி வெட்டி இழுத்தால் 'டக்'. சரியான சொல் அதுதான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் 'டக்-ஒவ்-வோர்' என்று கயிறு இழுத்த எனக்குத் தெரியாதா? ஆனால் சாக்கோட்டம் ஓடும் பிள்ளைகளின் சொல்லை ஓர் அம்மன் காரியத்துக்கு எழுதுவதா என்று தோன்றியது. நானோ கிறிஸ்தவன்; வேதக்காரன் குறைத்து எழுதிவிட்டான் என்று வரக்கூடாது. என் கெட்டித்தனத்தையும் காட்ட வேண்டுமே. 'ரெஞ்ச்' என்று எழுதினேன். முறுக்கிப் பிடுங்குவது.

துரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரிடமிருந்து யார் எதைப் பிடுங்குகிறார்கள்? அடிபாடா?"

இது விளையாட்டு சேர், நான் போட்ட சொல் பிழை என்று சொன்னால் போதும், அனுமதி கிடைத்துவிடும். ஆனால் திருத்த வேண்டாதவன் அல்லவா நான். "ஊர் வழக்கம் சேர்" என்று முணுமுணுத்தேன். அவர் மறுத்துக் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் துரை மறுத்துவிட்டதை மட்டும் போடியாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கந்தோர் வாங்குப் பலகையில் குந்தி, கையிலிருந்த சால்வையை மடித்துக்கொண்டேயிருந்தார்.

"உங்கள்ள என்ன பிழை தம்பி. புள்ள எழும்பின சந்தோசத்தில ஒருநாள் விரதத்த விட்டுட்டன். அதான் அம்மன் வேணாமெண்டுட்டா. இனி அவளுக்கு என்ன வந்தாலும் நாந்தான் காரணம்."

வெட்கங்கெட்டவன், மரியாதையாகத் தோணித்துறை வரை கூடப்போனேன். என் பிழையை அந்த மனிதரின் தலையில் கட்டி அக்கரைக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.